லீவில் பார்த்த தெரு

என் வீட்டுக்காரருக்குக் கோபமே வராது. அவருக்கும் சேர்த்து நான்தான் கோபப்பட்டுக்கொண்டிருக்கிறேன், பதினெட்டு வருஷமாக. அதில் பாதிக்கு மேல் வீண் கோபம் என்று எனக்கே தெரியும். ஆனால் அந்தத் தெரு விஷயத்தில் நான் பட்ட கோபத்துக்குக் காரணம் இருந்தது. நியாயம் இருந்ததா என்று கேட்டால், அதுதான் இன்றைக்கு வரை எனக்குத் தெரியவில்லை.

அவர் பள்ளிக்கூட பஸ் டிரைவர். ஒவ்வொரு நிறுத்தத்திலும் சரியாக இரண்டு தடவை ஹாரன் அடிப்பார். அதனால் பசங்களுக்கு அவர் 'ஹாரன் அங்கிள்'. மாலை டிரிப் முடிந்து பஸ்ஸை ஷெட்டில் விட்டதும், கடைசி சீட் வரை நடந்து போய் ஒவ்வொரு சீட்டுக்கு அடியிலும் குனிந்து பார்ப்பார். யாராவது தூங்கிப்போய் உள்ளேயே தங்கிவிட்டால்? பஸ்ஸில் துணைக்கு வரும் ஆயாம்மா ஏற்கெனவே பார்த்திருப்பார். இருந்தாலும் இவரும் பார்க்க வேண்டும். பசங்களை எண்ணி எண்ணியே பழகிப்போனவர். கல்யாண வீட்டுக்குப் போனால்கூட எத்தனை குழந்தைகள் என்று முதலில் எண்ணிவிட்டுத்தான் உட்காருவார்.

எனக்கு வேறொரு நகரத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. நான் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். இத்தனை வருஷம் காத்திருந்த வேலை. சரி, மூட்டை கட்டுவோம் என்று முடிவானதும் எந்தப் பகுதியில் வீடு பார்ப்பது என்ற கேள்வி வந்தது. பெரியவன் பத்தாம் வகுப்பு. "எங்க வேணா பாருங்க, நெட் கிடைக்குதான்னு மட்டும் பாத்துக்கோங்க" என்று காதில் மாட்டியிருந்ததைக் கழற்றாமலே சொல்லிவிட்டான். எனக்கு ஆஸ்பத்திரி பக்கத்தில் இருந்தால் போதும். இவருக்கு மட்டும்தான் மனதில் ஒரு கணக்கு இருந்தது, அது சின்னவளைப் பற்றியது.

சின்னவளுக்கு அப்போது ஒன்பது வயது. நாங்கள் குடியிருந்தது வரிசையாகக் கடைகள், அதன்மேல் ஒரு மாடி. அந்தக் கட்டடத்திலேயே அவள் ஒருத்திதான் குழந்தை. ஒருநாள் இவர் சீக்கிரம் வந்தவர், கதவைத் திறந்ததும் அப்படியே நின்றுவிட்டாராம். அவள் கேரம் போர்டுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து ஒரு காயைச் சுண்டிவிட்டு, எழுந்து போய் அந்தப் பக்கம் உட்கார்ந்து சுண்டுகிறாள். "அய்யோ, உனக்கு மிஸ் ஆயிடுச்சே, பரவாயில்ல, இன்னொரு சான்ஸ் எடுத்துக்கோ" என்று எதிர்ப்பக்கத்துக்கு ஆறுதல் வேறு சொல்கிறாள். இதை அன்றைக்கு ராத்திரி என்னிடம் சொன்னார்.

"பாப்பாவுக்கு ஒரு கூட்டு வேணும். சாயங்காலமானா தெருவுல இறங்கி ஓடணும். அப்படி ஒரு தெரு பாக்குறேன். மத்ததெல்லாம் அப்புறம்" என்றார்.

இவர் இப்படி அடித்துப் பேசி நான் பார்த்ததே இல்லை. அதனால் விட்டுக்கொடுத்தேன்.

மூன்று தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்தார். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில், ஸ்டேஷனை ஒட்டி ஓர் அடுக்குமாடி வளாகம். நடந்து போனால் எனக்குப் பத்து நிமிஷம். எனக்கு அதன்மேல் ஒரே கண். இவர் உதட்டைப் பிதுக்கினார்.

"அங்க காக்கா குருவி இல்லம்மா. ஊஞ்சல்ல துணி காயுது. மூணு தடவை போனேன், ஒரு குழந்தை சத்தம்? ஊஹூம்."

அவர் மனம் போனது ஊருக்கு வெளியே ஒரு புறநகர்த் தெருவுக்கு. இரண்டு பக்கமும் தனித்தனி வீடுகள், நடுவில் வண்டி அதிகம் வராத ரோடு. "பதினேழு பேரு! நான் எண்ணினேன். மூணு தடவையும் பதினஞ்சுக்குக் குறையல. ஒரு பொண்ணு, முன்பல்லு ரெண்டும் விழுந்தது, நீல சைக்கிள்ல என் காலு மேலயே ஏத்திட்டா" என்று காலைத் தூக்கிக் காண்பித்தார், ஏதோ பதக்கம் வாங்கினவர் மாதிரி. "சன்ஷேடு மேல பாரு, எவ்ளோ பந்து கிடக்குன்னு. ஒரு தெருவுல பசங்க இருக்காங்களான்னு அதை வச்சே சொல்லிடலாம்."

அங்கிருந்து ஆஸ்பத்திரிக்கு ஒன்றரை மணி நேரம், ஒரு பஸ், இரண்டு ரயில். ஏழு மணி ஷிப்டுக்கு நான் ஐந்து மணிக்கே வாசலில் செருப்பு மாட்ட வேண்டும். "உங்க பொண்ணு ஓடி விளையாட நான் ஓடணுமா?" என்று கேட்டேன். "கொஞ்சம் கஷ்டப்பட்டுக்கம்மா" என்றார். முனகிக்கொண்டே சரி என்றேன். அங்கே ஒரு வீட்டின் மாடிக்கு ஒரு வருஷ ஒப்பந்தம் போட்டு முன்பணம் கொடுத்தாகிவிட்டது. பிள்ளைகளுக்கு அந்தப் பக்கத்திலேயே பள்ளியும் கிடைத்தது.

பெரிய லீவு முடிய நான்கு நாள் இருக்கும்போது குடிவந்தோம். சாமான் இறக்குவதற்குள் சின்னவள் காணாமல் போய்விட்டாள். பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தால், அந்தப் பதினேழு பேர் கும்பலுக்கு நடுவில் தலைதெறிக்க ஓடிக்கொண்டிருக்கிறாள். இருட்டினபிறகு முழங்காலில் சிராய்ப்போடு வந்தாள். அது எரிகிறது என்றுகூடச் சொல்லவில்லை, அவ்வளவு பேச வேண்டியிருந்தது அவளுக்கு. இவர் என்னைப் பார்த்தார். சத்தியமாகச் சொல்கிறேன், அப்போது எனக்கு அந்த ஒன்றரை மணி நேரம் பெரிதாகத் தெரியவில்லை. நான்கு நாள் எங்கள் வீட்டில் சந்தோஷம் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை தெரு முழுக்கக் கார்கள். பைகள், சைக்கிள்கள், டாட்டாக்கள். ஏதோ விசேஷம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன், நான் ஒரு மண்டு.

திங்கட்கிழமை சின்னவள் பள்ளிவிட்டு வந்து, ஷட்டில் மட்டையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். தெருவில் யாரும் இல்லை. காத்திருந்தாள். ஆறு மணிக்குப் பெரியவர்கள் வாக்கிங் வந்தார்கள். கோடி வீட்டு ரிட்டயர்டு டெலிபோன் ஆபீசர் அவளிடம் எந்த கிளாஸ் என்று கேட்டார். சொன்னாள். திரும்பி வரும்போதும் கேட்டார். மறுபடியும் சொன்னாள்.

"முதல் நாள் இல்லையா, எல்லாரும் நோட்டுக்கு அட்டை போட்டுட்டு இருப்பாங்க" என்றார் இவர். செவ்வாய்க்கிழமை, ஹோம்வொர்க் அதிகமாக இருக்கும் என்றார். புதன்கிழமை அவரே தெரு முனை வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

அடுத்த வாரம் இவருக்கு என் ஆஸ்பத்திரிப் பக்கத்திலேயே ஒரு பள்ளியில் பஸ் ஓட்டும் வேலை கிடைத்தது. இரண்டாம் நாள் சாயங்காலம் வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்துவிட்டார். சாப்பிடக் கூப்பிட்டேன், வரவில்லை.

"என்னங்க ஆச்சு?"

"நீ சொன்ன அந்த ஸ்டேஷன் அப்பார்ட்மென்ட் இல்ல? என் ரூட்ல அது ஒரு ஸ்டாப். ரெண்டு ஹாரன் அடிச்சேன். எத்தனை பேரு வந்தாங்க தெரியுமா? இருபத்தாறு. ஒரே ஸ்டாப்புல இருபத்தாறு." சட்டைப் பித்தானைத் திருகினார். "அதுல அந்தப் பல்லு போன பொண்ணும் இருந்தா. நீ லீவுல அந்தத் தெருவுல இருந்தல்லன்னு கேட்டேன். 'அது எங்க தாத்தா வீடு அங்கிள், லீவுக்கு மட்டும்தான் போவோம்'ங்கிறா."

எனக்கு முதலில் புரியவில்லை. அப்புறம்தான் உறைத்தது. எங்கள் தெருவில் இருப்பதெல்லாம் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள். பிள்ளைகளெல்லாம் பேரப்பிள்ளைகள். லீவு விட்டதும் அந்த அடுக்குமாடியும் அதைப் போன்ற இடங்களும் காலியாகி இங்கே வந்து இறங்குகின்றன. இவர் எதைக் காலி என்று ஒதுக்கினாரோ அங்கேதான் பிள்ளைகள் இருக்கிறார்கள். பால்கனிக்குப் போய்ப் பார்த்தேன். சன்ஷேடு மேல் கிடந்த பந்துகள் எல்லாம் வெளுத்துப் போனவை.

என் நாக்கு சும்மா இருக்குமா? "இருபது வருஷம் பசங்கள வச்சு வண்டி ஓட்டியிருக்கீங்க. லீவு விட்டா பசங்க எங்க போவாங்கன்னுகூடத் தெரியாதா உங்களுக்கு?" என்று கத்தினேன்.

"எனக்கு எப்படித் தெரியும்?" என்றார். குரல் உயரவே இல்லை. "அவங்களுக்கு லீவுன்னாதானே எனக்கும் லீவு. லீவு விட்டா வண்டி ஷெட்டுல நிக்கும். அப்போ அவங்க எங்க போறாங்கன்னு நான் எங்கே கண்டேன்? வீடு பாக்கவும் எனக்கு அப்போதானே விட்டாங்க."

கேட்டிருக்கவே கூடாது. சொல்லிவிட்ட வார்த்தையை அள்ளவா முடியும்?

அந்த வருஷம் எப்படிப் போனது என்று விவரிக்க ஒன்றுமில்லை. ஐந்து மணிக்கு நான் கிளம்பிவிடுவேன். ஐந்தரைக்கு அவர். நான் ரயிலில் நின்றுகொண்டே தூங்கப் பழகினேன். பெரியவன் அறைக்குள்ளேயே வளர்ந்தான். சின்னவளின் வகுப்புப் பிள்ளைகள் எல்லாம் எங்கெங்கிருந்தோ பஸ்ஸில் வருகிறவர்கள், மணி அடித்ததும் ஏறிப் போய்விடுவார்கள். இவள் நடந்து வருவாள். வீட்டைத் திறந்து, பால்கனியில் உட்கார்ந்துகொள்வாள். எங்கள் நான்கு பேருக்கும் தனித்தனியாக ஒரு தனிமை இருந்தது. ஆனால் அவளுடையதுதான் எங்களால் வந்தது.

இவர் விடவில்லை. மாலை டிரிப் முடித்து ஓட்டமும் நடையுமாக வந்து, வியர்வையோடு ஷட்டில் மட்டையை எடுப்பார். ஒரு மாதம் ஆடினார்கள். அப்புறம் அவள், "வேணாம்பா. நீங்க வேணும்னே தோக்குறீங்க" என்று சொல்லி நிறுத்திவிட்டாள். கேரம் போர்டை நான் அவள் கண்ணில் படாமல் கட்டிலுக்கு அடியில் தள்ளிவைத்தேன். வேறு வீடு பார்க்கலாம் என்றால் ஒப்பந்தம், பள்ளி, பெரியவனுக்குப் பரீட்சை. இன்னும் கொஞ்ச நாள், இன்னும் கொஞ்ச நாள் என்று தள்ளினோம். அவள் ஒருநாளும் குறை சொல்லவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

பெரிய லீவு வந்தது. சனிக்கிழமை காலையில் கார்கள் வந்து நின்றன. நான் ஷிப்டு மாற்றிக்கொண்டு வீட்டில் இருந்தேன். சின்னவள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் தலையை வாரிக்கொண்டு மெதுவாக இறங்கிப் போனாள். சாயங்காலம் கீழே ஒரே கூச்சல். அப்பாடா என்றிருந்தது எனக்கு. பால்கனியில் துணி எடுக்கப் போனேன்.

ஆட்டம் முடிந்து எல்லாரும் எங்கள் கேட் பக்கம் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். நீல சைக்கிள் பெண்ணுக்கு இப்போது பல் முளைத்திருந்தது.

"போன லீவுக்கும் நீ வந்திருந்தல்ல? யாரு வீட்டுக்கு வருவ?" என்று சின்னவளிடம் கேட்டாள்.

சின்னவள் எங்கள் மாடியைக் கை காட்டினாள். "இங்கதான். எங்க பெரியப்பா வீடு. லீவு முடிஞ்சதும் நானும் எங்க வீட்டுக்குப் போயிடுவேன்."

என் கையிலிருந்த துணி அப்படியே நின்றது. கூப்பிட்டுத் திட்டலாம் என்று வாயைத் திறந்துவிட்டேன். அதற்குள் இவர் தெரு முனையிலிருந்து வந்துவிட்டார், கையில் ஒரு புது ஷட்டில் டப்பாவோடு. அந்தப் பெண் துள்ளினாள்.

"ஏய், ஹாரன் அங்கிள்! நீங்க எங்க இங்க?"

"இவருதான் எங்க பெரியப்பா" என்றாள் சின்னவள் அவசரமாக. அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

அவர் ஒரு கணம்தான் நின்றார். என்னை ஏறிட்டுப் பார்க்கவில்லை.

"ஆமாம்மா. என் தம்பி பொண்ணு. லீவுக்கு வந்திருக்கா. நல்லா சேத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு, டப்பாவை அவர்களிடம் கொடுத்துவிட்டு மேலே வந்தார். வாசல்படியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றத் தொடங்கியவர், ஒரு ஷூவைக் கழற்றியதோடு உட்கார்ந்திருந்தார். எனக்குப் பக்கத்தில் போய் உட்காரத்தான் தெரிந்தது.

இருட்டினபிறகு அவள் வந்தாள். முகமெல்லாம் சிவந்து, மூச்சு வாங்க, சிரித்துக்கொண்டு. "ஏன்டி அப்படிச் சொன்ன?" என்று கேட்டேன். என்னால் கோபமாகக் கேட்க முடியவில்லை.

"இங்கயே இருக்கேன்னு சொன்னா, லீவு முடிஞ்சதும் யாரோட விளையாடுவன்னு கேப்பாங்கல்லம்மா."

கை கழுவிவிட்டு வந்தவள், ஏதோ ஞாபகம் வந்தவளாகத் திரும்பினாள். "அப்பா, கீழ வந்தா என்னை 'பாப்பா'ன்னு கூப்பிடாதீங்க. பெரியப்பால்லாம் அப்படிக் கூப்பிட மாட்டாங்க."

அவர் சரி என்று தலையாட்டினார். அந்த லீவு முழுக்க, தெருவில் வைத்து ஒரு தடவைகூட அவர் அவளைப் பாப்பா என்று கூப்பிடவில்லை.