சாவியில் மாட்டிய வேலாயுதம்

பழுதென்று தெரிந்த காரை, பழுதைச் சொல்லாமல், பிரசவ நோவில் துடித்த பெண்ணை ஏற்றிப்போகக் கொடுத்தேன். முருகன் அடியார்களே, என் சாட்சியை இந்தக் குற்றத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

1989ஆம் ஆண்டு. நாவுலையில் நீர்ப்பாசனப் பொறியியலாளராக இருந்தேன். என் காரைப் போன்ற கார்கள் எல்லாவற்றையும், அவற்றை விற்ற கம்பனி கண்டிக்குத் திருப்பி அழைத்தது. ஓடும்போதே சாவி நழுவி விழலாம், விழுந்தால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும் என்றார்கள். இலவசமாகத் திருத்தித் தருவார்கள். அதுவரை சாவியில் பாரமாக எதையும் மாட்ட வேண்டாம் என்றார்கள்.

அதே வகைக் காரை ஊரில் வாடகைக்கு ஓட்டியவர்கள் சிரித்தார்கள். "நல்லதுதானுங்க ஐயா, ஓட்டிக்கிட்டே சாவிய எடுத்துக் காது குடையலாம்," என்றான் அவர்களில் ஒருவனான சிவலிங்கம். நானும் சிரித்தேன். கண்டிக்குப் போகவில்லை. ஆனாலும் உள்ளூரப் பயம். பூசை செய்வித்து, உள்ளங்கை அளவு பித்தளை வேலாயுதம் ஒன்றைச் சாவி வளையத்தில் மாட்டினேன். படித்தவரே மாட்டுகிறார் என்று மற்றவர்களும் ஆளுக்கொன்று மாட்டினார்கள். எது ஆபத்து என்றார்களோ, அதையே காவலென்று தொங்கவிட்டோம்.

ஊரடங்கு நாளொன்றின் பிற்பகலில் அடுத்த வீட்டு பாரூக் நானா ஓடிவந்தார்.

"மகளுக்கு நோவு வந்துட்டு ஐயா. வண்டி ஒண்டும் இல்ல. மாத்தளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகோணும்."

நான் ஓட்ட எழுந்தேன்.

"நீங்க வந்தா தமிழ் ஆளெண்டு செக்பொயின்ட்ல சுணங்கும். நான் லொறி ஓட்டின ஆள்தானே."

சாவியைக் கொடுத்தேன். இவ்வளவு படித்தும் திருத்தவில்லையா என்று கேட்பாரோ என்ற வெட்கத்தில் பழுதைச் சொல்லவில்லை. சாமியைக் கழற்றவும் கை வரவில்லை.

கார் மறைந்தது. வழியெல்லாம் வளைவு. சாமிப் படத்தின் முன் விழுந்தேன். "முருகா, எனக்காகக் கேட்க வாயில்லை. உன் ஆயுதத்தை நீயே திருப்பி எடுத்துக்கொள். அந்தப் பிள்ளையைக் கரைசேர்," என்று அழுதேன்.

மறுநாள் நானா வந்தார். பெண் குழந்தை. தாயும் சேயும் நலம். பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

"கோவிக்கப்படாது ஐயா. ஊர் தாண்டினதும் ஆமிக்காரன் மறிச்சான். உங்கட சாமிச் சாமான் கூரா ஈக்கிது எண்டு கழட்டி எடுத்துட்டான். கெஞ்சியும் தரல்ல."

அவர் மன்னிப்புக் கேட்டு நின்றார். என்னால் தாங்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"என்ட புள்ளய வெச்சா சோதிச்சுப் பாத்தீங்க?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்.

பாதை திறந்ததும் கண்டிக்குப் போய்க் காரைத் திருத்தினேன். ஓட்டுநர்கள் ஒவ்வொருவரிடமும் போய் என் குற்றத்தைச் சொன்னேன். "அப்ப சாமிய எங்கங்க வைக்கிறது?" என்றான் சிவலிங்கம். "கண்ணாடிக்குக் கீழே ஒட்டு. சாவியில் வேண்டாம்," என்றேன். அவன் கேட்டான். வேறு சிலர் 'சாவி ஐயா' என்று கேலி செய்தார்கள். சாகும்வரை அந்தப் பெயர் இருக்கட்டும்.

நானா பல மாதம் முகம் பார்க்கவில்லை. நோன்புப் பெருநாளன்று வட்டிலப்ப இனிப்போடு வந்து, பேத்தியை என் மடியில் வைத்தார். அன்றுதான் நிம்மதியாக உண்டேன்.

கந்தனை நம்புங்கள், கைவிடமாட்டான். ஆனால் திருத்த வாருங்கள் என்று அழைப்பு வந்தால், கும்பிட்ட கையோடு வண்டியைக் கொண்டுபோங்கள். அந்த அழைப்பும் அவன் அனுப்பியதுதான்.

அன்று பிறந்தவள் இப்போது கார் ஓட்டுகிறாள். என்னைக் கோயிலில் இறக்கிவிடும்போதெல்லாம், நான் கேட்குமுன்பே சாவியை உயர்த்திக் காட்டுவாள்.

"ஒண்டும் மாட்டல்ல ஐயா. போய்க் கும்புட்டுட்டு வாங்க."