இறக்குக்கூலியும் இடிகல்லும்

விலை என்னன்னு மட்டும் கேட்டுட்டு வர்றவங்களைக் கண்டா எனக்குப் பத்திக்கிட்டு வரும். திருமுடிவாக்கத்துல தகடு வெட்டி, வளைச்சு, பீரோவும் ரேக்கும் செய்யற ஒரு ஷாப்ல பர்ச்சேஸ் நான்தான். கிலோ என்ன விலைங்கறதெல்லாம் சும்மா பேச்சு. லாரி வாடகை, எடை மேடைக்குக் காசு, ஏத்துக்கூலி, இறக்குக்கூலி, டிரைவருக்கு டீ, எல்லாம் சேர்ந்து நம்ம கேட்டுக்குள்ள வந்து இறங்கும்போது என்ன விலை? அதைச் சொல்லுங்க, அப்புறம் பேசுவோம். நான் போன்ல இப்படிக் கத்தறப்போ எங்க முதலாளி எழுந்து போய் தன் ரூம் கதவைச் சாத்திக்குவார்.

அதனாலதான் என் அக்கா மலேசியா போகணும்னு சொன்னப்போ எனக்குத் தலைகால் புரியல. இத்தனை வருஷமா தகடையும் ஸ்க்ரூவையும் கொண்டுவந்து இறக்கின கை இது. இப்போ ஒரு மனுஷியைக் கடல் தாண்டிக் கொண்டுபோய் இறக்கப் போகுது! நானும் கூடப் போறேன், சொல்லவே வேணாம். அன்னிக்கு ராத்திரி சாப்பாடே இறங்கல எனக்கு.

அக்கா சின்ன ஸ்கூல் ஒண்ணுல டீச்சரா இருந்து ரிட்டையர் ஆனவ. பென்ஷன் கிடையாது. கல்யாணமும் வேணாம்னுட்டா. சிட்லபாக்கத்துல ஏரிப் பக்கம் ஒரு சின்ன போர்ஷன்ல இருக்கா, எங்க வீட்டிலேருந்து ரெண்டு தெரு. சாயங்காலம் டியூஷன் எடுக்கறா. அவளுக்கு உயிர்த் தோழி ஒருத்தி உண்டு. செங்கல்பட்டுல டீச்சர் டிரெயினிங் படிச்சப்போ ஹாஸ்டல்ல ஒரே ரூம். படிப்பு முடிஞ்ச கையோட கல்யாணமாகி மலேசியாவுல ஈப்போ போயிட்டா. நடுவுல ஒரே ஒரு தடவை வந்தா, அவ்வளவுதான். அப்புறம் கடிதாசு, போன், இப்போ வீடியோ கால். போன வருஷம் அவளுக்குக் கிட்னி கெட்டுப்போய் டயாலிசிஸ் ஆரம்பிச்சாச்சு. மெஷினை விட்டுட்டு எங்கேயும் போக முடியாது.

"அவளால வர முடியாது. அப்போ நான்தான் போகணும்"னா அக்கா. "முழங்கால் சொன்ன பேச்சு கேக்கறப்பவே போயிடணும்."

கூடவே ஒரு கண்டிஷன். ஆர்.டி. முதிர்ந்து கையில வந்த நாப்பதாயிரம் இருக்கு, அதுக்குள்ள முடியணும். என் காசு ஒரு ரூபாய் கலந்தாலும் அவ வரமாட்டா. தங்கச்சிகிட்ட வாங்கினேன்னு தோழிகிட்டப் போய் நிக்க முடியாதாம். அவ பிடிச்சா உடும்புப்பிடி, எனக்குத் தெரியாதா? நாப்பதாயிரம் தாண்டினா பயணம் இல்ல, அந்த ரெண்டு பேரும் இனிமே போன் கண்ணாடி வழியாத்தான் பார்த்துக்கணும்.

விடுவேனா நான்? மத்தியானச் சாப்பாட்டு நேரம் முழுக்க ஷாப்ல உட்கார்ந்து டிக்கெட் பார்த்தேன். அடேங்கப்பா! இரும்பு வியாபாரிங்க எல்லாம் இவங்ககிட்ட வந்து பாடம் படிக்கணும். முதல் பக்கத்துல ஒரு விலை, பார்த்தா வாயைப் பிளப்போம். உள்ளே போனா பெட்டிக்குத் தனி, பக்கத்துப் பக்கத்துல உட்காரத் தனி, சாப்பாடு தனி. எல்லாம் முடிஞ்சுதேன்னு பார்த்தா கடைசியில கன்வீனியன்ஸ் ஃபீயாம். யாருக்குய்யா கன்வீனியன்ஸ்? காசு கட்டறதுக்கே காசா? நான் போட்ட சத்தத்துல ரெண்டு வெல்டர் ஓடி வந்துட்டாங்க.

ஆனா உண்மையைச் சொல்றேன், ஒவ்வொண்ணா கண்டுபிடிக்கக் கண்டுபிடிக்க எனக்குக் குஷி தாங்கல. அந்த ஊர்ப் பணம் ரிங்கிட்டுக்கு டி.வி.யில சொல்ற விலை வேற, தாம்பரத்துல பணம் மாத்தற கடையில கையில தர்ற விலை வேற. வெளிநாட்டுக்காரங்க ஹோட்டல்ல தங்கினா ரூமுக்கு ராத்திரிக்கு இவ்வளவுன்னு அந்த ஊர்ல ஒரு வரி, அதை நேர்லதான் வாங்குவாங்க. ஏர்போர்ட்லேருந்து டாக்ஸின்னா டோல் தனி. அந்த நாட்டுக்குள்ள போறதுக்கு முன்னாடி ஆன்லைன்ல ஒரு பதிவு போடணும், அது இலவசம். ஆனா தேடினா அதுக்கும் காசு கேக்கற போலி வெப்சைட்தான் முதல்ல வந்து இளிச்சுக்கிட்டு நிக்குது. போடா அந்தப் பக்கம்னு தள்ளிவிட்டேன்.

ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு பெட்டிக்குத்தான் காசு கட்டினேன். கையில ஆளுக்கொரு பை, அது சும்மா. கோலாலம்பூர்ல ஒரு ராத்திரி ஹோட்டல், மறுநாள் ஈப்போவுக்கு ரயில், மிச்ச நாள் தோழி வீடு. எல்லாம் போட்டு அக்கா பங்கைக் கூட்டினா நாப்பதாயிரத்துக்குள்ள கச்சிதமா நின்னுது. அதுல கொஞ்சம், திடீர்ச் செலவு வந்தா இருக்கட்டும்னு, இறக்குக்கூலின்னு பேர் போட்டுத் தனியா ஒதுக்கிக்கூட வெச்சேன். அக்காகிட்ட ஓடிப்போய்ச் சொன்னப்போ அவ என் கன்னத்தைப் பிடிச்சுக் கிள்ளினா.

கிளம்பறதுக்கு முந்தின நாள் எங்க ஷாப் தொங்குதராசை வீட்டுக்குக் கொண்டுவந்து பெட்டியை மாட்டி நிறுத்தேன். பருப்புப்பொடி, வடகம், முறுக்கு, எங்க ரெண்டு பேர் துணி, எல்லாம் சேர்த்து முள்ளு சரியா கோட்டுல நின்னுது. கைப்பை ரெண்டும் அப்படித்தான். ஒரு சீப்பு கூட இனிமே வைக்கக்கூடாதுன்னு அக்காகிட்ட கண்டிப்பா சொல்லிட்டுப் பெட்டியை அவ வீட்டுல விட்டுட்டு வந்தேன். அதுதான் நான் பண்ணின தப்பு.

ஏர்போர்ட்டுக்கும் நாங்க டாக்ஸி வைக்கல. சானடோரியத்துல எலெக்ட்ரிக் ட்ரெயின் ஏறி திரிசூலத்துல இறங்கினா எதிர்ல ஏர்போர்ட், எதுக்குத் தண்டம்? என் வீட்டுக்காரர் பெட்டியைத் தூக்கிக்கிட்டுப் படியேறினார். பாதியில நின்னு மூச்சு வாங்கினார். "ஏம்மா, இதுல என்ன, உங்க ஷாப் தகடு ஏதாவது போகுதா?"ன்னார். நான் சிரிச்சேன். அக்கா சிரிக்கல, ஆகாசத்தைப் பார்த்துக்கிட்டு நின்னா.

கவுன்ட்டர்ல இருந்த பொண்ணு பெட்டியை வெச்சுப் பார்த்துட்டு, "மேடம், வெயிட் அதிகமா இருக்கு. எக்ஸ்ட்ரா பே பண்ணணும்"னா. அவ சொன்ன தொகை, ஈப்போவுக்குப் போக வர ரயில் காசை முழுங்கிட்டு ஹோட்டல்லயும் ஒரு கடி கடிக்கும். நான் ஒதுக்கி வெச்ச இறக்குக்கூலி அதுக்குப் பக்கத்துல வராது.

"சான்ஸே இல்ல. எங்க தராசு பொய் சொல்லாது. உங்க மெஷினைச் செக் பண்ணுங்க முதல்ல"ன்னு எகிறினேன். பின்னாடி க்யூ நீண்டுக்கிட்டே போச்சு.

அக்கா என் முழங்கையைத் தொட்டா. "விடுடி. மெஷின் சரியாத்தான் காட்டுது."

ஓரமா தள்ளிப்போய்ப் பெட்டியைத் தரையில வெச்சுத் திறந்தா. அடியில, துண்டுல சுத்தி, அவ வீட்டு இடிகல்லு! சமையல் மேடையில ஜன்னலோரம் எப்பவும் இருக்குமே, இஞ்சி தட்டற அந்தக் கருங்கல்லு. குழவியோட சேர்த்து.

எனக்கு வந்த கோபத்துல கண்ணு தெரியல. "அறிவிருக்கா உனக்கு? வரி, டோல், கமிஷன்னு ஒண்ணு விடாம தேடித் தேடிப் போட்டேனே, நீ கல்லைத் தூக்கி வெச்சிருக்கியே! மலேசியாவுல கல்லா இல்ல? தூக்கிப் போடு அதை!" மொத்த ஏர்போர்ட்டும் திரும்பிப் பார்த்துச்சு. பார்க்கட்டுமேன்னு விட்டுட்டேன்.

அக்கா தரையில உட்கார்ந்தபடியே பேசினா. "இது எனக்கு மட்டும் சொந்தம் இல்லடி. செங்கல்பட்டு மார்க்கெட்டுல ஆளுக்குப் பாதிக் காசு போட்டு வாங்கினோம். கட்டிலுக்கு அடியில ஒளிச்சு வெச்சு, வார்டன் தூங்கினப்புறம் இஞ்சி தட்டி டீ போடுவோம். அவ கல்யாணத்துக்குப் போறப்போ நீயே வெச்சுக்கோன்னு விட்டுட்டுப் போயிட்டா. இப்போ டாக்டர் அவளுக்கு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணின்னு அளந்து குடுத்திருக்கார். அதுல டீன்னு பார்த்தா அரை டம்ளர். அந்த அரை டம்ளராவது நல்லா இருக்க வேணாமா? இத்தனை வருஷம் என்கிட்ட இருந்துச்சு. இனிமே அவகிட்ட இருக்கட்டும்."

உடனே பர்ஸைத் திறந்தேன், நான் கட்டறேன்னு. அக்கா ஒரு பார்வை பார்த்தா பாருங்க, பர்ஸை மூடிட்டேன். கல்லைக் கைப்பையில வெக்கலாமான்னு அந்தப் பொண்ணைக் கேட்டேன். "இதை உள்ளே விடவே மாட்டாங்க மேடம்"னா.

அக்கா அதுக்குள்ள வேலையை ஆரம்பிச்சுட்டா. பருப்புப்பொடியைத் தொடல, வடகத்தைத் தொடல, என் துணியையும் தொடல. தன்னோட புடவையை ஒவ்வொண்ணா எடுத்து வெளியில வெச்சா. பாவாடை, ரவிக்கை, நைட்டி, எல்லாம் போச்சு. எல்லாத்தையும் ஒரு புடவையில மூட்டையாக் கட்டினா.

"ஒரு வாரம், உடுத்தின ஒரே புடவையோடவா? அங்கே போய் எதைக் கட்டுவே?"

"அவகிட்ட இருக்கும்."

"எத்தனை வருஷம் ஆச்சு! அவ புருஷன், பசங்க, எல்லார் எதிர்லயும் போய்ப் புடவை குடுன்னு நிப்பியா? மானம் போகுது!"

"உன் மானத்தை நீ கைப்பையில வெச்சுக்கோ. அதுக்கு வெயிட் இல்ல"ன்னா. அந்தக் கோபத்துலயும் எனக்குச் சிரிப்பு பொத்துக்கிட்டு வந்துடுச்சு.

செக்யூரிட்டிகிட்டக் கெஞ்சி, வாசல்ல நின்ன என் வீட்டுக்காரர் கையில மூட்டையைக் குடுத்தோம். மனுஷன் முழிச்ச முழி இன்னும் கண்ணுல நிக்குது. திரும்பி வந்து பெட்டியை வெச்சோம். முள்ளு என்ன, நம்பரே சரியா வந்து நின்னுது. ஒரு ரூபாய் கூடக் கட்டல.

அப்புறம் எல்லாம் அமர்க்களம்தான். ஃப்ளைட் மேல எழும்பினப்போ நான் அக்கா கையைப் பிடிச்சு நசுக்கிட்டேன். கோலாலம்பூர்ல தமிழ் பேசற டிரைவர் ஒருத்தர், "டோல் தனிமா"ன்னார். "தெரியும் அண்ணா, எடுத்து வெச்சிருக்கேன்"ன்னு நீட்டினேன். "எப்படிமா? எல்லாரும் இந்த எடத்துலதான் என்கிட்ட சண்டை போடுவாங்க லா"ன்னு அந்த ஊர் இழுப்போட அசந்துட்டார். "நான் பர்ச்சேஸ்"னேன். ஹோட்டல்ல அந்தம்மா வாயைத் திறக்கறதுக்கு முன்னாடியே வரிக் காசை மேஜை மேல வெச்சேன். ஒளிஞ்சிருக்கற செலவு ஒவ்வொண்ணும் நான் சொன்ன இடத்துல சொன்ன மாதிரி வந்து நின்னுது. அக்காவை இடிச்சு இடிச்சு, "பார்த்தியா, பார்த்தியா"ன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன்.

ராத்திரி என் நைட்டியை மாட்டிக்கிட்டு அக்கா தன் காட்டன் புடவையைத் துவைச்சுக் குளியலறையில காயப்போட்டா. காலையில அது பாதிதான் காஞ்சிருந்துச்சு. என் சுடிதார் வேணாம்னுட்டு அதையே கட்டிக்கிட்டு ரயில் ஏறினா. ஏ.சி.யில உடம்பு நடுங்குது, ஆனா ஜன்னல்லேருந்து முகத்தை எடுக்கல. சுண்ணாம்பு மலைங்க வர ஆரம்பிச்சதும் நான், "வந்துடுச்சு போலடி!"ன்னேன். அக்காவையே டி போட்டுட்டேன். ரெண்டு பேருமே அதைக் கவனிக்கல.

வாசல்ல தோழி நின்னா. வீடியோவுல பார்த்ததை விட ரொம்ப இளைச்சுப்போய், ஒரு கையில டயாலிசிஸ் ஊசி போட்ட கட்டு. நான் அழுகை வரும், கட்டிப்பிடிப்பாங்கன்னு எதிர்பார்த்துக்கிட்டு நிக்கறேன். தோழி அக்கா தோளைத் தொட்டுப் பார்த்துட்டு அதட்டினா.

"ஈரப் புடவையோட வந்து நிக்கறே? சளி பிடிச்சா யாரு பார்க்கறது? போ, பீரோவைத் திற. எப்பவும் நல்லதை நீதானே முதல்ல எடுப்பே!"

"நீ சீக்கிரம் எழுந்திருந்தா நீ எடுத்திருக்கலாம்"னு சொல்லிக்கிட்டே அக்கா நேரா உள்ளே போயிட்டா. அந்த வீட்டுக்கு முன்னப்பின்ன வந்தவ இல்ல. கேக்காம பீரோ எங்கே இருக்குன்னு கண்டுபிடிச்சு, ஒரு மாம்பழக் கலர் புடவையைக் கட்டிக்கிட்டு வந்தா. எனக்கு அந்த ஹாஸ்டல் புடவைக் கதையே அப்போதான் தெரிஞ்சுது. ரெண்டு பேருக்கும் சேர்த்தே ஒரு கை விரல்ல எண்ணற அளவுதான் புடவையாம், முதல்ல எழுந்தவளுக்கு நல்ல புடவையாம்.

கல்லை வெளியில எடுத்தப்போதான் தோழி அழுதா. இஞ்சி தட்டற சத்தம் கேட்டதும் எழுந்து வந்து அடுப்புப் பக்கம் நின்னுக்கிட்டா. அரை டம்ளர் டீயை வாயில வெச்சு வெச்சு, அரை மணி நேரம் குடிச்சா. நான் மூக்கைச் சிந்திக்கிட்டே வடகம் எடுக்கப் போயிட்டேன்.

திரும்பி வர்றப்போ பெட்டியில என் துணி மட்டும்தான். அக்கா அந்த மாம்பழக் கலர் புடவையிலயே ஊர் வந்து சேர்ந்தா. அவ காட்டன் புடவையைத் தோழி பீரோவுல மடிச்சு வெச்சுக்கிட்டா, தரமாட்டேன்னுட்டா. நாப்பதாயிரத்துல இறக்குக்கூலிக்குன்னு ஒதுக்கினது அப்படியே இருந்துச்சு. அக்கா கையில குடுத்தேன்.

போன ஞாயித்துக்கிழமை அவ போர்ஷனுக்குப் போனேன். ஜன்னலோரத்துல கல்லு இருந்த இடம் மட்டும் வட்டமா வெளுத்துக் கிடக்கு. அக்கா வீடியோ கால்ல இருந்தா. அந்தப் பக்கம் அந்தக் காட்டன் புடவை தெரிஞ்சுது, டொக்கு டொக்குன்னு கல்லுச் சத்தம் கேட்டுச்சு. பேசி முடிச்சுட்டு அக்கா என் பக்கம் திரும்பினா.

"அடுத்த வருஷத்துக்கு டிக்கெட் பாருடி. பெட்டிக்குக் காசு கட்டாதே. எனக்கு அங்கே புடவை இருக்கு."