காரோட்டு செல்லத்தங்கம் அக்காவும் தலைமுடிப் பொட்டலங்களும்

செல்லத்தங்கம் அக்கா போயிட்டாங்க. இன்னைக்குக் காலையில, அவங்க ஊர் காரோட்டுல. தொண்ணூறு தாண்டினவங்க... அதுல எனக்குக் கோபமில்லை.

கோபம் எல்லாம் வாட்ஸ்அப்ல வந்த மெசேஜ் மேலதான். "தோல் டாக்டரிடம் சிப்பந்தியாக இருந்தவர்"னு ஒரே வரி. சிப்பந்தியாம்!

எங்க தமிழ் ஊர்களைத் தமிழ்நாட்டோட சேக்கணும்னு எல்லைப் போராட்டம் நடந்த வருஷங்கள். எனக்கு எட்டு வயசு, தலையில அங்கங்க வட்டமா மூணு சொட்டை. "படை, மத்த பிள்ளைகளுக்கும் ஒட்டும், மொட்டை போட்டு வீட்ல வையுங்க"ன்னு பள்ளிக்கூடத்துல அனுப்பிட்டாங்க.

அப்பா என்னை எங்க ஊர் பனச்சமூட்டுல இருந்து நெய்யாற்றின்கரைக்குத் தோல் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனாங்க. டாக்டர் ஒரு பார்வை பாத்துட்டு அவரும் படைன்னுதான் சொன்னாரு.

அங்க மைக்ராஸ்கோப் பாக்குற வேலை அக்காவுக்கு. சொட்டை ஓரத்துல ஒரு முடியைப் பிடுங்கி, கண்ணாடியில வச்சு ரொம்ப நேரம் பாத்தாங்க.

"சாரே, இது படை இல்ல. படைன்னா முடியில காளான் தெரியும். இதுல ஒண்ணும் இல்ல, வேர்ப்பக்கம்தான் மெலிஞ்சிருக்கு. வந்து பாருங்க."

டாக்டர் பாத்தாரு. "ஒட்டாது"ன்னு சீட்டு எழுதித் தந்தாரு.

"மொட்டையும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். நாளைக்கே ஸ்கூலுக்குப் போ மக்கா"ன்னாங்க அக்கா.

முடி பிறகு தானாவே வந்துது.

அதுக்கப்புறம் அக்கா ஊர் ஊரா நடந்து, சொட்டை விழுந்த பிள்ளைகளோட முடியைச் சேத்தாங்க. ஒவ்வொண்ணுக்கும் ஒரு பேப்பர் பொட்டலம், மேல பேரு, ஊரு. "பேரில்லாத முடி வெறும் குப்பையாக்கும்"பாங்க.

ஒருநாள் பனச்சமூடு ஜங்ஷன்ல ஒரு போலீஸ்காரர் பையைப் பிடுங்கினாரு. தமிழ்ல பேரு, ஊரு... போராட்டக்காரங்க லிஸ்ட்டுன்னு நினைப்பு!

"எந்துவாடி இது?" என்னடி இதுன்னு மலையாளத்துல அதட்டினாரு.

"பிள்ளைகளுக்க தலைமுடியாக்கும் சாரே. பிரிச்சுப் பாரும்."

பிரிச்சாரு. நடுரோட்டுல தட்டி விட்டாரு. அத்தனையும் காத்துல போச்சு.

நானும் அங்க நின்னேன். அக்கா அழுவாங்கன்னு பாத்தேன்... அழல. மறுநாள் முதல் வீட்டுல இருந்து திரும்ப ஆரம்பிச்சாங்க.

அந்த முடிகளை வச்சுத்தான் டாக்டர் கட்டுரை எழுதினாரு. எந்தப் பிள்ளைக்குப் படை, எந்தப் பிள்ளைக்கு வெறும் சொட்டைன்னு ஒரு முடியை வச்சே சொல்லலாம்னு. மாலை, மெடல், பாராட்டு விழா... அக்கா அந்த விழாவுல எல்லாருக்கும் டீ கொடுத்துட்டு நின்னாங்க.

காலேஜ் படிக்கிறப்போ அந்தக் கட்டுரையைத் தேடிப் பிடிச்சேன். கடைசி வரியில "உதவிய பெண்ணுக்கு நன்றி". என்ன டாக்டரே, பேரு எழுத மை தீர்ந்து போச்சா?

கொண்டுபோய் அக்காகிட்ட காட்டினேன். நிதானமா வாசிச்சுட்டு, "பிள்ளைகளுக்க கணக்கு எல்லாம் சரியா உண்டு"ன்னு மடிச்சுத் தந்தாங்க. எனக்கு இன்னைக்கும் ஆறல.

அந்த டாக்டர் படத்துக்கு வருஷாவருஷம் மாலை போடுறவங்க யாராவது இதை வாசிச்சா... வாசிங்க. நல்லா வாசிங்க.

போயிட்டு வாங்க அக்கா. பொட்டலத்து மேல நீங்க எழுதுற மாதிரியே எழுதிட்டேன்.

செல்லத்தங்கம், காரோடு.