ஏரியூரில் கேட்ட ரயில் சத்தம்

1. கோளாறு இல்லை என்று சொல்ல வேண்டும்

கேமராவுக்காக என்னைக் கூப்பிடுகிறவர்கள் எல்லோரும் "என்ன கோளாறுன்னு வந்து பாருங்க" என்பார்கள். ஓசூரில் கம்பெனி வேலை பார்க்கும் ஆரோக்கியராஜ் மட்டும் வேறு மாதிரி கேட்டார்.

"கேமராவுல ஒரு கோளாறும் இல்லன்னு நீங்க சொல்லிட்டா போதும் சார். டாக்டர்கிட்ட சொல்லணும்."

கேமராவுக்கும் டாக்டருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். அவருடைய அம்மா லூர்துமேரி ஏரியூர் பக்கம் ஒரு கிராமத்தில் தனியாக இருக்கிறார். அப்பா அந்தோணிசாமி இறந்து மூன்று வருஷத்துக்கு மேல் ஆகிறது. சாயங்காலம் அம்மா ஜெபமாலை சொல்லும்போது, செத்துப்போன அப்பா பதில் சொல்கிறாராம்.

"நான் கேமராவுல பாத்துட்டுத்தான் இருக்கறேன். ஒரு சத்தமும் இல்ல. அவங்களா பேசறாங்க, நிறுத்தறாங்க, தலைய ஆட்டறாங்க. அப்பா போட்டோ முன்னால ஒரு டம்ளர் டீ வெக்கறாங்க. மாசக் கடைசில டாக்டர்கிட்ட காட்டிட்டு, வூட்டயும் காட்டயும் வித்துட்டு இங்கயே கூட்டிட்டு வந்துரலாம்னு இருக்கறேன்."

என் ஒரு வார்த்தையில் ஓர் அம்மாள் பைத்தியம் என்று முடிவாகி, வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டியிருந்தது. போய்ப் பார்க்காமல் சொல்ல முடியாது என்று சொல்லிவிட்டேன்.

என்னைப் பற்றிக் கொஞ்சம். பென்னாகரத்தில் கடை. ரேடியோவில் தொடங்கி டிவி, செல்போன், இப்போது கேமரா. கடைவீதியில் என் பெயர் பாஸ்வேர்டு பரமசிவம். கேமரா மாட்டினால், கஸ்டமரை உட்காரவைத்து அவர் நம்பரில், அவர் கையாலேயே அக்கவுண்ட் திறக்கவைத்துவிட்டுத்தான் கிளம்புவேன். "நீங்களே போட்டுக் குடுங்களேன்" என்று கெஞ்சுவார்கள், மாட்டேன். எங்கள் பக்கம் மற்றவர்கள் தங்கள் நம்பரிலேயே ஓர் அக்கவுண்ட் திறந்து, மாட்டுகிற வீடுகளை எல்லாம் அதில் சேர்த்துக்கொண்டு, வீட்டுக்காரர் போனுக்கு வெறும் 'ஷேர்' கொடுத்துவிடுவார்கள். பாஸ்வேர்டு மறந்துபோச்சு என்று யாரும் கூப்பிட்டுத் தொல்லை செய்ய மாட்டார்கள். கதவு செய்த ஆசாரி சாவியைத் தன் இடுப்பில் செருகிக்கொண்டு போன கதைதான். வீட்டுக்காரருக்கு ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்க மட்டும் அனுமதி.

பொதுவாகவே இந்த வைஃபை சாமான்கள் மேல் எனக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. பல்பைப் போட ஒரு ஆப், ஆப்புக்கு நம் போன் புத்தகம் முழுக்கப் பார்க்க அனுமதி. நாம் எந்த சீரியல் பார்க்கிறோம் என்று யாருக்கோ போய்ச் சொல்லும் டிவி. இவையெல்லாம் வீட்டோடு மாப்பிள்ளை மாதிரி. சாப்பிடுவது நம் வீட்டில், கேட்பது அவன் அம்மா பேச்சை.

2. திரும்பிப் பார்த்தது

ராகிக் காட்டுக்கு நடுவே ஓட்டு வீடு. ஹாலில் ஒரு பக்கம் மாதா சுரூபம், பக்கத்தில் அந்தோணிசாமியின் போட்டோ. எதிரே ஷோகேஸ் மேல் அந்த கேமரா. உருண்டைத் தலை, பேசவும் கேட்கவும் மைக், ஸ்பீக்கர் எல்லாம் உள்ள மலிவான ரகம். சாயங்காலம் ஜெபத்துக்குக் கொஞ்சம் முன்னால் நான் உள்ளே நுழைந்தபோது அது மாதா பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு நிமிர்ந்தால் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஆள் நடமாட்டத்தைப் பின்தொடரும் வசதி இவற்றில் உண்டு. மகனுக்குப் போன் போட்டுக் கேட்டேன். அது ஆஃப் ஆகியிருக்கிறது என்றார். இப்போது திருப்பினீர்களா என்றேன். "நான் கம்பெனி லைன்ல வேலையா இருக்கறேன் சார், ஆப்பே தொறக்கல" என்றார்.

லூர்துமேரி அம்மாள் தெளிவாகப் பேசினார். கையில் டீயைக் கொடுத்துவிட்டு எதிரே தரையில் உட்கார்ந்துகொண்டார்.

"பயமா இல்லீங்களாம்மா?"

"நாப்பது வருசம் பக்கத்துல உக்காந்து பதில் சொன்ன மனுசன். அவருகிட்ட என்ன தம்பி பயம்?"

ஜெபமாலையில் ஒவ்வொரு மணிக்கும் முதல் பாதியை ஒருவர் சொல்ல, மீதியை மற்றவர்கள் சொல்ல வேண்டும். அந்த வீட்டில் முதல் பாதி அம்மாளுடையது, மீதி அவர் கணவருடையது.

"அவரு போனப்புறமும் நான் பாதில நிறுத்திருவேன். பழகிப்போச்சு. ஒரு மூச்சு வுட்டுட்டு மீதியயும் நானே சொல்லிக்குவேன். கார்த்திகைல ஒரு நா அப்பிடித்தான் நிறுத்தனேன். மீதி வந்துச்சு."

"அவரு குரலேதானுங்களா?"

"கொஞ்சம் கரகரன்னு இருந்துச்சு. அவரு எப்பவும் பழைய ஜெபந்தான் சொல்லுவாரு. இது கோயில்ல இப்ப சொல்ற புதுசு. மேல போயி கத்துக்கிட்டாரு போலன்னு நெனச்சேன்." சிரித்துக்கொண்டார். "பின்னால ரயிலு ஊதறது கேக்கும். இன்னும் போய்ச் சேரல, எங்கயோ தூரமா போயிட்டு இருக்காருன்னு நெனச்சுக்குவேன்."

ஏரியூரில் ரயில் கிடையாது. பென்னாகரத்திலேயே கிடையாது. காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் அந்த ஹாலுக்குள் ரயில் சத்தம் வர வழியில்லை. டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன்.

ஜெபத்துக்குக் கூடவே உட்கார்ந்தேன். அம்மாள் மெழுகுவர்த்தி ஏற்றி, "அருள் நிறைந்த மரியே" என்று தொடங்கிப் பாதியில் நிறுத்தினார். மின்விசிறி மட்டும் சுற்றியது. என்னைப் பார்த்தார், போட்டோவைப் பார்த்தார், மீதியைத் தானே சொன்னார். அடுத்த மணியிலும் நிறுத்திக் காத்திருந்தார். ஒன்றும் வரவில்லை. மணி நகர நகர அவர் முகம் சுருங்கிக்கொண்டே போனதை என்னால் பார்க்க முடியவில்லை.

"ஆளு இருக்கறதால வரல தம்பி" என்றார் கடைசியில். குற்றம் செய்தவர் போலச் சொன்னார்.

மகன் போனில் "பாத்தீங்களா சார்?" என்றார். கோளாறு இல்லை என்று சொல்லிவிட்டு நான் கிளம்பியிருக்கலாம். ஆனால் கேமரா மறுபடியும் என் பக்கம் திரும்பியிருந்தது. ஆவிக்குக் கூச்சம் உண்டா என்று எனக்குத் தெரியாது. ஆள் இருக்கிறதே என்று வாயை மூடிக்கொள்ள வேண்டுமானால், முதலில் அந்த ஆளைப் பார்த்தாக வேண்டும். அந்த ஹாலில் எங்கள் இருவருக்கும் அடுத்தபடியாகக் கண் இருந்தது அது ஒன்றுக்குத்தான்.

3. பின்வாசல்

மறுநாள் அம்மாளைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய், கேமராவுக்குக் கேட்காத இடத்தில் என் திட்டத்தைச் சொன்னேன். சாயங்காலம் ஹாலில் நின்று சத்தமாக "போயிட்டு வரனுங்கம்மா" என்று சொல்லிவிட்டு வண்டியை முறுக்கிக் கிளம்பினேன். புளியமரத்தடியில் வண்டியை விட்டு, காட்டு வழியாக நடந்து பின்வாசலில் நுழைந்து சமையற்கட்டில் நின்றேன். நடுவே ஒரு சுவர்தான்.

அம்மாள் தொடங்கினார். பாதியில் நிறுத்தினார்.

மீதி வந்தது. கரகரத்த ஆண் குரல். மெதுவாக, மரியாதையாக, "பாவிகளாயிருக்கிற எங்களுக்காக" என்று சொன்னது. அதன் பின்னால் எங்கோ ரயில் ஊதியது.

சர்க்யூட்டைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தே வயதான ஆள் நான். இருந்தும் கை ரோமம் நட்டுக்கொண்டது. அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கொஞ்சம் கழித்துத்தான் மூளை வேலை செய்தது. இந்த கேமராக்கள் தங்கள் ஸ்பீக்கரில் வரும் சத்தத்தைத் தங்கள் மைக்கில் எடுக்காமல் வெட்டிவிடும், எதிரொலி வராமல் இருக்க. அதனால்தான் மகனுக்கு அம்மா பேசுவது மட்டும் கேட்டது, பதில் கேட்கவில்லை. மகன் எனக்கு அனுப்பியிருந்த அவருடைய லாகினைத் திறந்து பார்த்தேன். அக்கவுண்ட் அவருடையது அல்ல. அவருக்கும் வெறும் ஷேர்தான். கொடுத்தவர் பெயர்: குமரேசன் சிசிடிவி.

குமரேசனை எனக்குத் தெரியும். இந்தப் பக்கமெல்லாம் கேமரா மாட்டிக்கொண்டிருந்தவன், இரண்டு வருஷத்துக்கு முன்னால் துபாய் போய்விட்டான். அவனுடைய பழைய நம்பர் என் போனில் இருந்தது. அணைந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டே டயல் செய்தேன்.

ஹாலில் ஒரு போன் அடித்தது.

ஹாலில் போனே கிடையாது. அம்மாளின் போன் என் பக்கத்தில் அடுப்பு மேடையில் கிடந்தது. மணிச் சத்தம் கேமராவின் வாயிலிருந்து வந்தது. எட்டிப் பார்த்தேன், அம்மாள் மாலையைப் பிடித்தபடி கேமராவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அலோ, யாருங்க?" என்றது என் காதில். ஒரு நொடி கழித்து ஹாலிலிருந்தும் அதே குரல், "அலோ, யாருங்க?"

4. பொம்மிடிக்காரர்

அவர் பெயர் சவரிமுத்து. பொம்மிடி ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் மாடு வைத்துப் பிழைக்கிறவர். மனைவி இல்லை, பிள்ளைகள் வெளியூர். குமரேசன் ரீசார்ஜ் செய்யாமல் விட்ட நம்பரை சிம் கம்பெனி புது சிம் என்று இவருக்குக் கொடுத்திருக்கிறது. சிம்மைப் பட்டன் போனில் போட்டுக்கொண்டார். மாட்டுக்கொட்டகைக்கு ஒரு கேமரா வாங்கி, மகன் விட்டுப்போன பழைய ஆண்ட்ராய்டு போனில் ஆப்பை ஏற்றி, தன் நம்பரை அடித்தார். ஓடிபி வந்தது. குமரேசனின் பழைய அக்கவுண்ட் கதவு திறந்துகொண்டது.

"எங்கொட்டாயி வரும்னு பாத்தா, வரிசயா யார் யாரோ வூடுங்க. என்ன பண்றதுன்னு தெரியலீங்க. அந்தம்மா மட்டும் ஜெபம் சொல்லிட்டு இருந்தாங்க. பாதில நிறுத்திட்டுக் காத்துட்டே இருக்கறாங்க. எங்கூட்லயும் சொல்ல ஆளில்ல. வாயில வந்துருச்சுங்க."

"நேத்து ஏன் சொல்லல?"

"நேத்து யாருன்னு திருப்பிப் பாத்தேன், நீங்க நீலச் சட்டை போட்டு உக்காந்துட்டு இருந்தீங்களே."

நல்ல மனிதர் என்று குரலிலேயே தெரிந்தது. ஆனாலும் அந்தப் பதிலைக் கேட்டதும் குனிந்து என் சட்டையைப் பார்த்துக்கொண்டேன்.

அம்மாள் சமையற்கட்டுக்கு வந்து என் கையிலிருந்து போனை வாங்கினார்.

"அப்ப அவரு இல்லீங்களா?"

ரயில் போகிற சத்தம் மட்டும் கேட்டது.

"நான் அந்த ஹால்லதான் சேல மாத்துவேன். அதயும் பாத்தீங்களா?"

"மாதா மேல சத்தியமா இல்லீங்க. ஜெப நேரத்துக்கு மட்டுந்தானுங்க தொறப்பேன்."

"அத நான் எப்பிடி நம்பறது?" என்று கேட்டுவிட்டு அம்மாள் என் பக்கம் திரும்பினார். "தம்பி, உங்க மிசினுல பாத்தாத் தெரியுமா?"

"தெரியாதுங்கம்மா."

இதைத்தான் எல்லோரிடமும் சொல்கிறேன். இந்த ஆப்பில் கேமரா எப்போது அணைந்தது, எப்போது எரிந்தது என்றெல்லாம் கணக்கு இருந்தது. யார் எப்போது பார்த்தார்கள் என்பதற்கு மட்டும் ஒரு சுவடும் கிடையாது. செய்தவன் நினைத்திருந்தால் வைத்திருக்கலாம். வைக்கவில்லை. எனக்கு வந்த ஆத்திரம் சவரிமுத்து மேல் இல்லை.

அம்மாள் போனைக் கொடுத்துவிட்டு அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதார். "ரெண்டாந்தரம் செத்துட்டாரு தம்பி" என்றார். ஹாலுக்குப் போய் பிளக்கைப் பிடுங்கினேன்.

மகனைக் கூப்பிட்டேன். "கோளாறு இருக்குங்க. உங்கம்மாவுக்கு இல்ல" என்று நடந்ததைச் சொன்னேன். அந்த ஆளைப் போலீசில் பிடித்துக் கொடுக்க வேண்டும் என்று குதித்தார். அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனைக் கேட்டார்.

"அந்தாளு கேக்காம பாத்தாரு. நீயுந்தாண்டா கேக்காம பாத்த. அத மாட்டறப்ப எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா? பைத்தியம்னு டாக்டருகிட்டக் காட்ட அதுல எடுத்துதான வெச்சிருக்கற?"

"டாக்டரு வேண்டாம்மா, நீ அங்கயே இரு" என்று மகன் சொன்னது எனக்கும் கேட்டது.

5. அடிக்கட்டும்

பொம்மிடிக்கு நேரிலேயே போனேன். சவரிமுத்து போனை இரண்டு கையாலும் நீட்டினார். திரையில் சின்னச் சின்னக் கட்டங்களாக வீடுகள். ஒன்றில் ஆடும் தூளி. ஒன்றில் தூங்கும் பெரியவர். ஒன்றில் யாருமில்லாத அறை, மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. எதிலும் யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அதற்கு மேல் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. குமரேசனிடம் வாட்ஸ்அப்பில் சண்டை போட்டு வீட்டுக்காரர்களின் நம்பர்களை வாங்கி, ஒவ்வொருவரையும் கூப்பிட்டு ரீசெட் செய்யவைத்தேன். சிலர் நன்றி சொன்னார்கள். "எங்க வூட்ல பாக்க என்ன சார் இருக்குது?" என்று சிரித்தவர்களும் உண்டு. தூளி இருக்கிறது என்று சொல்ல நினைத்து, சொல்லவில்லை.

லூர்துமேரி அம்மாளின் கேமரா இப்போது கோழிக்கூண்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அக்கவுண்ட் அம்மாளின் நம்பரில். பாஸ்வேர்டு மகனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. மகன் சில நாட்கள் கேட்டுப் பார்த்தாராம், "கோழிய பாக்கோணும்னா நேர்ல வா" என்று சொல்லிவிட்டாராம்.

புது சாமான் வாங்கலாமா என்று கேட்டு வரும் இளைஞர்களிடம் நான் இப்போது மெகாபிக்சல் பேசுவதில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்கச் சொல்கிறேன். இது உள்ளே வரும்போது மணி அடிக்குமா, அடிக்காமலே வருமா? இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. கொஞ்ச நாள் கழித்து அந்த வீட்டில்தான் கற்றுக்கொண்டேன்.

போனில் ஸ்பீக்கர் போடுவது எப்படி என்று காட்டித்தரச் சொல்லி அம்மாள் கூப்பிட்டிருந்தார். போய்க் காட்டி முடித்தபோது ஜெப நேரம். போனை மாதாவுக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றி, மாலையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். போட்டோ முன்னால் டீ டம்ளர் இல்லை.

போன் அடித்தது. திரையில் சவரிமுத்து என்று பெயர். அம்மாள் கை நீட்டவில்லை. விடாமல் அடித்துக்கொண்டிருந்தது.

"எடுக்கலீங்களாம்மா?"

"அடிக்கட்டும் தம்பி. கேட்டுட்டு வரட்டும்."

மணி நிற்கப்போகிற சமயத்தில் எடுத்து, நான் காட்டியபடி ஸ்பீக்கரைப் போட்டார். நலம் விசாரிக்கவில்லை. முதல் பாதியைச் சொல்லிவிட்டு நிறுத்தினார்.

தூரத்தில் ரயில் ஊதியது. யாரென்று தெரிந்திருந்தும் எனக்குக் கை ரோமம் நட்டுக்கொண்டது.

மீதி வந்தது.