சாம்பார் வாளியும் அப்பாவின் வெள்ளைச் சட்டையும்

அப்பா எங்களை விட்டுப் பிரிந்து இன்றோடு ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பாதிப் பேராவது அப்பாவின் கையால் ஒரு வேளை சாப்பிட்டிருப்பீர்கள். அட்டைப் படத்தில் அவர் போட்டிருக்கும் சட்டையைப் பாருங்கள். பளிச்சென்று இருக்கிறது. "நம்ம சாம்பார்க்காரர் சட்டையா இது?" என்று சிலருக்குத் தோன்றலாம். தோன்றுவது நியாயம்தான். அந்த வெள்ளை வந்ததற்குக் காரணம் நான் செய்த ஒரு தவறு. நினைவு மலரில் போய்ச் சேர்ந்தவரின் பெருமையை எழுதுவதுதான் வழக்கம், நீ உன் குற்றத்தையா எழுதுவாய் என்று தம்பி தடுத்தான். அம்மா விடவில்லை. "எழுதட்டும் விடுடா. உள்ள வெச்சுக்கிட்டு ஒரு வருசமா சரியா சோறு திங்காம கெடக்குறா" என்றார். அதனால் எழுதுகிறேன்.

அப்பா பிறந்தது பூலாம்பாடிக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில். சிறு வயதிலேயே தந்தையை இழந்தவர். படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றது. மானாவாரி நிலத்தில் சோளமும் பருத்தியும் போட்டு, பிறகு கிணறு வெட்டிச் சின்ன வெங்காயத்துக்கு மாறி, அந்த வெங்காயத்தை வைத்தே என்னையும் தம்பியையும் கல்லூரி வரை அனுப்பினார். கோபம் வரும், வந்த வேகத்தில் போய்விடும். யாரையும் வாடா போடா என்று பேசிக் கேட்டதில்லை.

அவருக்கு ஒரே ஒரு பித்து இருந்தது. அது பந்தி. சிறு வயதில் ஒரு கல்யாணத்துக்குப் போய்க் கடைசிப் பந்தியில் உட்கார்ந்தாராம். சாதம் வந்தது. குழி பறித்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். சாம்பார் தீர்ந்துவிட்டது என்று ரசத்தை ஊற்றிவிட்டுப் போய்விட்டார்கள். அதைச் சொல்லும்போதெல்லாம், "ஒரு முருங்கக்கா துண்டுக்குக் கூட நாதியில்லாம எந்திரிச்சேன் பாப்பா" என்பார். சிரித்துக்கொண்டுதான் சொல்வார். ஆனால் அதை மறக்கவே இல்லை.

பெரியவரானதும் எந்த வீட்டு விசேஷமானாலும் சாம்பார் வாளி அப்பாவுடையது என்றாகிவிட்டது. வெறுங்கையோடு போகமாட்டார். சொந்த வயல் வெங்காயம் ஒரு பை முதல் நாளே சமையல் நடக்கும் இடத்துக்குப் போய்விடும். வாளியின் அடிவரை கரண்டியை விட்டுக் காயைக் கிளறி மேலே கொண்டு வந்துதான் ஊற்றுவார். கடைசிப் பந்திக்கென்று ஒரு வாளியைத் தனியே மூடி வைத்திருப்பார். இரண்டு கையாலும் இலையை மறைத்தால்தான் நகர்வார். தன் கல்யாணத்திலேயே மாலையைக் கழற்றி வைத்துவிட்டு வாளியைத் தேடியவர் என்று அம்மா கேலி செய்வார். கல்லங்குறிச்சியில் அம்மாவின் பிறந்த வீட்டார் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

இதற்கெல்லாம் அவர் போடுவது வெள்ளைச் சட்டைதான். "பரிமாறுறவன் சட்டை வெள்ளையா இருந்தாத்தான் சாப்புடுறவங்களுக்கு மனசு ஒப்பும்" என்பார். வாளி இடது இடுப்பில் இடிக்கும். அதனால் சட்டையின் இடது ஓரத்தில் ஒரு கை அகலத்துக்கு மஞ்சள் பட்டிருக்கும். வலது கை விளிம்பில் இன்னொரு கீற்று.

அந்தச் சட்டையை அவரே துவைப்பார். அம்மாவைத் தொடவிடமாட்டார். முதலில் வெறும் தண்ணீரில் அலசுவார். கறையின்மேல் அரை எலுமிச்சம்பழத்தைத் தேய்ப்பார். பிழியாமல் ஈரத்தோடு துவைக்கிற கல்லின் மேல் விரித்து வெயிலில் போட்டுவிடுவார். காயக் காயத் தண்ணீர் தெளிப்பார். சோப்பு கடைசியில்தான். பள்ளிக்கூடம் போகிற வயதில் நான் உதவி செய்கிறேன் பேர்வழி என்று முதலிலேயே சோப்பைப் போட்டுத் தேய்த்துவிட்டேன். மஞ்சள் அத்தனையும் ரத்தச் சிவப்பாக மாறிவிட்டது. நான் அலறினேன். அப்பா வந்து பார்த்துவிட்டு, "என்ன பாப்பா, சட்டைக்கு ஆரத்தி கரைச்சிட்டியா?" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு அதையும் வெயிலில் போட்டார். இரண்டு மூன்று நாளில் சிவப்பும் போனது, மஞ்சளும் போனது. ஆனால் விசேஷ மாதங்களில் கறை முழுதாகப் போவதற்குள் அடுத்த பந்தி வந்துவிடும். அதனால் அப்பாவின் வெள்ளைச் சட்டைகளில் எப்போதும் ஒரு மங்கலான மஞ்சள் இருந்துகொண்டே இருந்தது. ஊரில் யாரும் அதைப் பெரிதாக நினைத்ததில்லை.

நினைத்தவள் நான்தான். படித்து, பெரம்பலூரில் வேலைக்கு வந்து, டவுனிலேயே வீடும் கட்டினேன். புதுமனை புகுவிழாவுக்கு என் ஆபீஸ் முழுவதும் வந்திருந்தது. சமையலுக்கும் பரிமாறுவதற்கும் ஆள் பேசியிருந்தேன். முதல் பந்தி உட்கார்ந்ததும் திரும்பிப் பார்க்கிறேன், அப்பா கையில் வாளி. அன்றைக்கும் அதே சட்டை, இடது ஓரத்தில் அதே மஞ்சள். என் மேலதிகாரியின் இலைக்கு முன் அப்பா குனிந்து நிற்கிறார். எனக்கு எங்கிருந்து அந்த வெறி வந்ததோ தெரியவில்லை. நேரே போய் வாளியின் பிடியைப் பிடித்தேன்.

"அப்பா, இதுக்குத்தான் ஆள் போட்டிருக்குல்ல? நீங்க ஏன் தூக்குறீங்க? சட்டையப் பாருங்க, எவ்ளோ கறை. ஆபீஸ்காரங்கல்லாம் வந்திருக்காங்க. போயி நாற்காலில உக்காருங்கப்பா."

அப்பா நாலு இலைக்குத்தான் ஊற்றியிருந்தார். ஐந்தாவது இலைக்காரர் சாதத்தில் குழி பறித்து வைத்துக்கொண்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அப்பா வாளியை விட்டுவிட்டார். "சரி பாப்பா" என்று மட்டும் சொன்னார். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடது ஓரத்தை மறைத்துக்கொண்டு போய் முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்தார். கடைசிப் பந்தி வரை அப்படியே உட்கார்ந்திருந்தார். கையை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. நான் அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு, அப்பாடா, ஒரு நாளாவது ஓய்வாக உட்கார்ந்தாரே என்று நினைத்தேன்.

அடுத்த வாரம் ஊருக்குப் போனபோது கறை நீக்கும் திரவம் ஒரு பாட்டில் வாங்கிப் போனேன். அட்டையில் இருந்ததை வரி விடாமல் படித்துக் காட்டினேன். ஒரு மூடி ஊற்ற வேண்டும், அரை மணி ஊற வேண்டும் என்று பாடம் எடுத்தேன். அப்பா கைகட்டிக்கொண்டு கேட்டார். "செஞ்சிர்றேன் பாப்பா" என்றார்.

அதற்குப் பிறகு நான் எப்போது போனாலும் அப்பாவின் சட்டைகள் அப்பழுக்கில்லாமல் இருந்தன. எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆபீஸில் அந்தப் பாட்டிலைப் பற்றிப் பேசாத நாளில்லை. என் பேச்சைக் கேட்டு இரண்டு பேர் வாங்கிப் போட்டுப் பார்த்துவிட்டு, மஞ்சள் கறை போகவில்லை என்றார்கள். "உங்களுக்குப் போடத் தெரியல, எங்க அப்பா சட்டைய வந்து பாருங்க" என்று அவர்களிடம் சண்டைக்கே போனேன். விசேஷங்களில் அப்பா பந்திப் பக்கம் வராமல் வாசலில் உட்கார்ந்திருந்தபோது உறவினர்களான உங்களில் பலர் என்னிடம் விசாரித்தீர்கள். அவரைக் கேட்டேன். தோள்பட்டை வலி என்றார். வலித் தைலம் வாங்கிக் கொடுத்தேன். என் கடமை முடிந்தது.

மூன்று ஆண்டுகள் இப்படியே போயின. போன ஆண்டு மூச்சுத் திணறல் வந்து திருச்சி மருத்துவமனையில் ஒன்பது நாள் இருந்தார். ஏழாம் நாள் கொஞ்சம் தெளிந்தார். பக்கத்துக் கட்டிலுக்கு வந்த சாப்பாட்டைப் பார்த்துவிட்டு, "அடியில கலக்காம ஊத்திருக்கான் பாரு, வெறும் தண்ணி" என்றார். நாங்கள் சிரித்தோம். ஊருக்குப் போனதும் நீங்களே கலக்கி ஊற்றுங்கள் என்று நான் சொல்லியிருக்கலாம். பேசாம படுங்கப்பா என்றேன். ஒன்பதாம் நாள் காலையில் போய்விட்டார்.

கருமாதிக்கு முந்தைய நாள், படையலில் வைக்க அவர் வேட்டி சட்டையை எடுக்க பீரோவைத் திறந்தேன். ஏழு வெள்ளைச் சட்டைகள், ஒன்றிலும் பொட்டுக் கறை இல்லை. அவற்றுக்குப் பின்னால் நான் வாங்கிக் கொடுத்த பாட்டில் நின்றது. மூடியின் மேல் ஒட்டியிருந்த தாள் கூடக் கிழியவில்லை.

"அம்மா, இத அப்பா பிரிக்கவே இல்லையா? அப்புறம் எப்படிச் சட்டையெல்லாம் இவ்ளோ வெள்ளையா இருக்கு?"

அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. "கறை பட்டாத்தான பாப்பா அத ஊத்தி வெளுக்க? ஒன் வூட்டு விசேஷத்துக்கு அப்புறம் அவரு எங்க வாளியத் தொட்டாரு?"

"தோள்பட்டை வலின்னாரே?"

"தோள்பட்டை வலிக்காரரா வெங்காய மூட்டைய வண்டியில ஏத்துனாரு? யாராச்சும் கேட்டா என்னத்தச் சொல்றது? ஒன் பேரைச் சொல்ல முடியுமா? ஒனக்குத் தெரியவேணாம், பாப்பா சங்கடப்படும்னுட்டாரு."

வண்டியில் மூட்டை ஏற்றியதை நானும்தான் பார்த்திருக்கிறேன். கண்ணால் பார்த்ததைக் கூட யோசிக்காமல் பாட்டிலுக்குப் பாராட்டு வாங்கிக்கொண்டிருந்திருக்கிறேன். என் ஒரு வாய்ச்சொல்லுக்காக ஒரு மனிதர் தன் ஆயுள் முழுக்கச் செய்த வேலையை விட்டுவிட்டார். விட்டதை எனக்குத் தெரியாமலும் பார்த்துக்கொண்டார். மறுநாள் கருமாதிச் சாப்பாட்டில் கடைசிப் பந்திக்குச் சாம்பார் பற்றவில்லை. கல்லங்குறிச்சியிலிருந்து வந்த பெரிய மாமா பறித்து வைத்த குழியில் ரசத்தை ஊற்றிக்கொண்டார். அவரிடம் இப்போது மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். அப்பாவிடம் கேட்க வழியில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பீரோவின் அடித்தட்டில் எட்டாவது சட்டை ஒன்று தனியே மடித்துக் கிடந்தது. என் வீட்டு விசேஷத்தன்று போட்டிருந்தது. கறை அப்படியே இருந்தது. பெரம்பலூருக்கு எடுத்து வந்து, அப்பா செய்த மாதிரியே வெறும் தண்ணீரில் அலசி, எலுமிச்சம்பழம் தேய்த்து, மொட்டை மாடியில் விரித்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று கேட்டால் தெரியாது. அப்பாவுக்கு ஏதோ செய்கிறோம் என்ற நினைப்பு. பழைய கறை, அவ்வளவு சீக்கிரம் போகாது என்றும் நினைத்தேன். நாலாவது வெயிலில் போய்விட்டது. நாலு வெயில் தாங்காத ஒன்றுக்காக அத்தனை பேர் முன்னால் அப்பாவை உட்கார வைத்தேன். அவர் பரிமாறிய கடைசி நாலு இலையின் அடையாளம் அந்தச் சட்டையில்தான் இருந்தது. அதையும் நானே போக்கிவிட்டேன்.

திருச்சியில் அப்பாவைப் பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், செய்தி கேட்டதும் பூலாம்பாடியிலிருந்தும் அரியலூர்ப் பக்கத்திலிருந்தும் கிடைத்த பஸ்ஸைப் பிடித்து வந்த சொந்தங்களுக்கும், எங்களைச் சமைக்க விடாமல் சோறு கொண்டுவந்து வைத்த தெருக்காரர்களுக்கும், வெங்காய நடவு நின்றுபோகாமல் பார்த்துக்கொண்ட பக்கத்து வயல்காரர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

இன்று நீங்கள் இருந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும். வெங்காயம் அப்பாவின் வயலில் விளைந்தது. கடைசிப் பந்திக்கு ஒரு வாளி தனியே மூடி வைத்திருக்கிறது. பரிமாற ஆள் வைக்கவில்லை. வயலுக்குப் போகும் பெண்கள் போட்டுக்கொள்வது போல, புடவைக்கு மேல் அந்த எட்டாவது சட்டையைப் போட்டுக்கொண்டு நான்தான் சாம்பார் கொண்டு வருவேன். பழக்கமில்லாத கை. கொஞ்சம் சிந்தும், சட்டையிலும் படும். தயவுசெய்து சாதத்தில் குழி பறித்துவிட்டுக் காத்திருங்கள். வாளி கனக்கிறதே என்று இரக்கப்பட்டு யாரும் அதை என் கையிலிருந்து வாங்கிவிடாதீர்கள்.