கூடுதலாக ஏற்றிய பட்டைகள்

கிரீஸ் காய்ந்த இரும்புப் பட்டைகள் ஒன்றோடொன்று உராயும் அந்த 'கிர்ரீச்' சத்தம் எங்கள் குவார்ட்டர்ஸ் பிளாக் முனையிலிருந்த வேகத்தடையில் கேட்டாலே போதும், அம்மா அடுப்பில் பெரிய தோசைக்கல்லைப் போட்டுவிடுவாள். ஞாயிற்றுக்கிழமை அப்பா எடுத்துப்போன எங்கள் வண்டி சொந்தக்காரர்கள் இல்லாமல் திரும்பியதே இல்லை.

சுரங்கத்தில் ஷிஃப்ட் வேலை பார்த்த அப்பாவுக்கு வேலைக்குப் போய்வர ஸ்கூட்டரே போதுமாக இருந்தது. சொந்தபந்தம் எல்லாரும் ஒரே வண்டியில் போகவேண்டும் என்ற ஆசையில்தான் அந்தப் பழைய ஏழு சீட்டு வண்டியை வாங்கினார். அதில் ஏழு பேர் மட்டும் போன நாள் என் நினைவில் இல்லை. முன்னால் அப்பாவும் பெரியப்பாவும், நடுவில் அம்மா, பெரியம்மா, குறிஞ்சிப்பாடி அத்தை, அவர்கள் மடிகளில் சின்னப் பிள்ளைகள், பின்னால் முட்டியோடு முட்டி இடிக்க மாமாவும் நாங்களும், எங்கள் காலடியில் புளிசாதத் தூக்கு என்று அந்த வரிசையை இப்போதும் என்னால் மாறாமல் சொல்ல முடியும். இடமில்லை என்று யாராவது முனகினால் அத்தை விடமாட்டார். "ஒட்டிக்கினு ஒக்காரு. மூச்ச ஆளுக்கொரு வாட்டி மாத்தி மாத்தி வுட்டுக்கலாம்" என்பார்.

ஒருமுறை கடலூர் கடற்கரையிலிருந்து திரும்பும் வழியில் பின்பக்கம் 'டங்'கென்று இறங்கிவிட்டது. சக்கரத்துக்கு மேல் வண்டியைத் தாங்கும் அந்த இரும்புப் பட்டைகளில் ஒன்று உடைந்திருந்தது. மந்தாரக்குப்பம் மெக்கானிக் குனிந்து பார்த்துவிட்டு, "இது ஃபேமிலி வண்டியா, கரும்பு லோடு வண்டியாண்ணே?" என்று கேட்டார். அப்பாவுக்கு ஒரே பெருமை. "கரும்புன்னா எறக்கி வெச்சிட்டு வரலாம். இது எங்க சனமாச்சே!"

உடைந்ததை மாற்றியதோடு, பக்கத்துக்கு ஒன்றாகக் கூடுதல் பட்டையும் ஏற்றச் சொன்னார் அப்பா. "ஆளு கொறஞ்சா தூக்கித் தூக்கிப் போடும்ணே" என்ற மெக்கானிக்கிடம், "ஆளு எங்க கொறயப்போவுது?" என்று சிரித்தார்.

குறைந்தது. சண்டை எதுவும் இல்லை. பெரியப்பா மகன் சின்னக் கார் வாங்கினான். அத்தை குடும்பம் திருப்பூருக்குப் போனது. மாமா ரிட்டயர் ஆகி, குவார்ட்டர்ஸைக் காலிசெய்துவிட்டுச் சிதம்பரத்தில் வீடு பார்த்துக்கொண்டார். அதே வருடங்களில்தான் அம்மாவுக்கு இடுப்புத் தண்டுவடத்தில் வலி வந்து, அடிக்கடி கடலூருக்கு வைத்தியத்துக்குப் போகவேண்டியிருந்தது. வண்டியில் நாங்கள் மூன்றே பேர். ஒவ்வொரு பள்ளத்திலும் அம்மா மேலே எழும்பி விழுவாள், மேலிருக்கும் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு.

"அந்தப் பட்டைங்களக் கழட்டிடுங்களேன்" என்றாள்.

"பொங்கலுக்கு எல்லாரும் வந்தா என்ன பண்றது?"

கழற்றுவதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அப்பா செய்தார். ஷாக் அப்சர்பர் மாற்றினார், ரப்பர் புஷ் மாற்றினார், டயரில் காற்றைக் குறைத்தார். எதுவும் பலிக்காமல் போகவே, வண்டியை அழுத்திப் பிடிப்பதற்காகப் பின்சீட்டுகளில் மணல் மூட்டைகளை ஏற்றினார். மாமா உட்காரும் இடத்தில் ஒன்று, நாங்கள் உட்காரும் இடத்தில் இரண்டு. அம்மா திரும்பிப் பார்த்து, "உங்க மாமாவுக்கு ஒரு டீ சொல்லுடி, பாவம், ரொம்ப நேரமா பேசாம வர்றாரு" என்றபோது நான் சிரித்தேன், அப்பா சிரிக்கவில்லை. மூட்டைகளாலும் பெரிய பலனில்லை. வடலூர் தாண்டி ஒரு பள்ளத்தில் வண்டி விழுந்து எழுந்தபோது அம்மா வாய்விட்டு அழுதாள். அழுது முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அடுத்த வாட்டி நான் பஸ்லயே போய்க்கிறேங்க. வராதவங்களுக்காக நான் ஏன் இடிபடணும்?" என்றாள், கோபமே இல்லாமல்.

அந்த ஞாயிறே மந்தாரக்குப்பம் போனோம். மூட்டைகளை அப்பாவே ஒவ்வொன்றாக இறக்கினார். பட்டைகளைக் கழற்றிய மெக்கானிக், "பழைய இரும்புக்குப் போட்ருவோமாண்ணே?" என்றதற்கு, "வேணாம், வண்டியிலயே வையி" என்றார் அப்பா. அடுத்த முறை கடலூர் போகும்போது, அதே பள்ளத்தை வண்டி மெதுவாக இறங்கி ஏறியது, அம்மா தூங்கிப்போயிருந்தாள். "தூங்குறா" என்றார் அப்பா, கண்ணாடியில் அவளைப் பார்த்து. பிறகு அதைச் சற்றே நிமிர்த்தி, அவளுக்குப் பின்னாலிருந்த காலி சீட்டுகளைப் பார்த்துக்கொண்டே ஓட்டினார்.

பின்னாளில் நான் மெக்கானிக்கல் படித்தேன். இப்போது வண்டிகளின் சஸ்பென்ஷனைப் பரிசோதிப்பதுதான் என் வேலை. எவ்வளவு பாரத்துக்கு எவ்வளவு விறைப்பு வேண்டும் என்று தினமும் கணக்குப் போடும் எனக்கு, பாரம் இனி வராது என்று ஒரு மனிதர் ஒப்புக்கொள்ள எவ்வளவு காலம் வேண்டும் என்பதற்கு மட்டும் கணக்குத் தெரியவில்லை.

அப்பா ரிட்டயர் ஆனதும் குவார்ட்டர்ஸைத் திருப்பிக் கொடுத்தோம், வண்டியையும் விற்றோம். வாங்க வந்தவரிடம் அப்பா அந்தப் பட்டைகளை நீட்டி, "ஆளு நெறய ஏத்துறதா இருந்தா இதையும் மாட்டிக்குங்க" என்றார். "நாங்க மொத்தமே நாலு பேருதாங்க" என்று அவர் விட்டுவிட்டுப் போனார். வடலூர் வாடகை வீட்டின் மாடிப்படிக்கடியில் அவை துருவேறிக் கிடக்கின்றன.

விடுமுறைக்கு என் சின்னக் காரில் அங்கே போகிறேன். தெருமுனை வேகத்தடையில் அது சத்தமே போடுவதில்லை. காலிங்பெல் அடித்த பிறகுதான் அம்மா எழுந்து, சின்னத் தோசைக்கல்லை அடுப்பில் வைக்கிறாள்.