கண்ணாடிக்குள் தொங்கிய மயில்

பூந்தமல்லியில் ஆரி வேலை செய்த ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிறேன். கடைக் கண்ணாடிக்குள் மயில் போட்ட ஜாக்கெட் ஒன்றைத் தொங்கவிட்டதிலிருந்து, ஓர் ஆள் கேமராவோடு எதிர்ப்புறம் வந்து நிற்க ஆரம்பித்தான். நான் நிமிர்ந்தால் மெட்ரோ தூணைப் படம் எடுப்பவன்போலத் திரும்பிக்கொள்வான். பக்கத்துத் தெருவில் புதிதாகக் கடை திறந்தவள் அனுப்பிய ஆள்தான் என்று முடிவே கட்டிவிட்டேன்.

ஒருநாள் ஊசியைக் குத்தி வைத்துவிட்டு நேராகப் போய் மறித்தேன். "இன்னா, என் டிசைனத் திருடிக்கினு போய் யார்கிட்ட குடுக்கப்போற?"

அவன் பதறவில்லை. "திருடலக்கா. போட்டோ எடுத்து நெட்ல விக்கிறேன். அடுத்தவங்க டிசைன்னா அவங்க சம்மதம் இல்லாம விக்கக்கூடாது. அதான் உங்களக் கேக்கலாமா வேணாமான்னு நின்னுட்டிருந்தேன்." பிறகு சாதாரணமாகக் கேட்டான். "இந்த மயில நீங்களே வரைஞ்சீங்களா?"

ஆமாம் என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பாரிவாக்கத்துக் கல்யாணப் பெண் ஒருத்தி போனில் காட்டிய படம் அது. இதே மாதிரி வேண்டும் என்றாள். அப்படியே போட்டுக் கொடுத்தேன். அழகாக வந்ததால் இன்னொன்று போட்டுக் கண்ணாடிக்குள் மாட்டினேன். எங்கள் தொழிலில் எல்லாரும் செய்வதுதான்.

"எடுக்காத தம்பி" என்று மட்டும் சொன்னேன். எனக்கு விருப்பமில்லை என்று நினைத்துக்கொண்டு போய்விட்டான்.

மறுநாள் ஜாக்கெட் தைக்கக் கொடுக்க வந்த பெண்ணும் ஒரு டிசைனைக் காட்டப் போனைத்தான் நீட்டினாள். "இது யாரும்மா போட்டது?" என்று கேட்டேன். அவள் போனைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, நான் அந்தக் கேமராக்காரனைப் பார்த்த அதே சந்தேகப் பார்வையை என்மேல் திருப்பினாள்.